கடைசி வரிசைப் பன்னிரண்டு தொட்டிகள்

கல்யாணராமனின் விரல் நுனிகள் மஞ்சளாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பீடிக் கறை என்று நினைப்பார்கள். அது நைட்ரிக் அமிலம். எங்கள் செடி ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்து மூன்று வருஷம் கண்ணாடிப் பாத்திரம் கழுவியதில் தோலோடு ஊறிய நிறம். பதவியின் பெயர் லேப் அட்டெண்டர். எல்லோரும் கூப்பிடுவது ‘சாமி’. திருவனந்தபுரத்தில் தமிழ்ப் பிராமணர் டைரக்டராக இருந்தாலும் சாமி, குப்பி கழுவுகிறவராக இருந்தாலும் சாமி. அந்த ஒரு விஷயத்தில் இந்த ஊருக்கு ஏற்றத்தாழ்வு கிடையாது.

நான் அதே நிலையத்தில் ஸ்டோர் கிளார்க். பெயர் தங்கையன், ஊர் நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே. அமிலமும் குப்பியும் பிரஷும் அவர் என்னிடம்தான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அதனால் மற்றவர்களைவிட அவரை எனக்குக் கூடுதலாகத் தெரியும். கூடுதலாகப் பொறுத்துக்கொண்டவனும் நான்தான். ஒரு டஜன் குப்பி கொடுத்தால் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். முடியளவு கீறல் இருந்தாலும் திரும்பி வந்துவிடும்.

“கீறல்ல அழுக்கு உக்காந்துக்கும் தங்கையன். அழுக்கு உக்காந்தா மிஷின் பொய் சொல்லுமாக்கும்” என்பார்.

மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரத்தில் இப்படி ஒருவர் வந்து நின்றால் யாருக்கும் கோபம் வரும். எனக்கும் வந்தது, பல வருஷம்.

வீடு ஸ்ரீவராகத்தில், கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில். முன்னோர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கோயில் மடைப்பள்ளி வேலைக்கு வந்தவர்கள். அந்த வேலை இவர் அப்பாவோடு முடிந்தது. இவர் பத்தாம் வகுப்பு படித்துவிட்டு ஏதேதோ வேலை பார்த்து, முப்பது வயசுக்கு மேல் எங்கள் நிலையத்தில் தினக்கூலியாகச் சேர்ந்து, பிறகு நிரந்தரமானார். ஒரே பெண், கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருந்தாள். வீட்டில் அவரும் மனைவி சுப்புலக்ஷ்மியும்தான்.

மற்ற அட்டெண்டர்களுக்குப் பாடம் எடுத்தும் ஏறாத விஷயம் இவருக்குச் சொல்லாமலே புரிந்தது. உலோகத்தை அளக்கிற வேலையில் பாத்திரம் கண்ணுக்குச் சுத்தமாக இருந்தால் போதாது. ஒரு ராத்திரி அமிலத்தில் ஊற வேண்டும், பிறகு காய்ச்சி வடித்த வாலைநீரில் மூன்று தடவை அலச வேண்டும், அலசியதை வெறுங்கையால் தொடக் கூடாது. “மடி ஆசாரம்னு சொல்லிட்டுப் போங்கோளேன்” என்று சொல்லிவிட்டு அவர் ஐந்து தடவை அலசினார். 2001இல் மரபணு மாற்றிய செடிகளுக்காகத் தனியாக ஒரு கண்ணாடிக்கூடம் கட்டினார்கள். உள்ளே போக இரண்டு கதவு, தனிச் செருப்பு, தனிக் கோட்டு. வெளியிலிருந்து ஒரு பொருளும் உள்ளே போகக் கூடாது, உள்ளேயிருந்து ஒரு விதைகூட வெளியே வரக் கூடாது. விஞ்ஞானிகளே சில நாள் செருப்பை மறந்து உள்ளே போய்விடுவார்கள். கல்யாணராமன் ஒரு நாளும் மறந்ததில்லை. சாவி அவரிடம் இருந்தது.

அந்தக் கூடத்தில் ஜெஸியின் கடுகுச் செடிகள் இருந்தன. ஜெஸி பாறசாலைப் பெண், முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அப்பா இல்லை; அம்மா பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அவள் செய்துகொண்டிருந்த வேலையை எனக்கு மூன்று தடவை விளக்கினாள். கடுகுச் செடிக்கு மண்ணிலிருந்து காட்மியம், ஈயம் போன்றவற்றை உறிஞ்சுகிற பழக்கம் உண்டு. உறிஞ்சிய பிறகு அது படும் பாடுதான் பிரச்சினை. இலை மஞ்சளாகும், வேர் கட்டையாகும், செடி குறுகிப்போகும். ஜெஸி வேறொரு செடியின் ஜீன் ஒன்றைக் கடுகுக்குள் வைத்திருந்தாள். அது உள்ள செடி, வந்த உலோகத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிற ஒரு பொருளை நிறையச் செய்யும். கட்டியதை இலையின் உயிரணுக்களுக்குள் இருக்கிற ஓர் அறையில் தள்ளி அடைத்துவிடும். விஷம் உள்ளேயே இருக்கும், செடி பச்சையாக நிற்கும். தொழிற்சாலைக் கழிவால் கெட்ட நிலத்தில் இந்த மாதிரிச் செடியை வளர்த்து, விஷத்தை உறிஞ்சவிட்டு, வேரோடு பிடுங்கி எடுத்துவிடலாம் என்பது அவர்கள் யோசனை.

மூன்று தடவையும் நான் தலையாட்டினேன். கல்யாணராமன் சொன்னபோதுதான் புரிந்தது.

“வேண்டாத விருந்தாளி வந்துட்டான். விரட்ட முடியாது. உள் ரூம்ல உக்காத்தி வெச்சுக் கதவைச் சாத்திட்டு, நாம பாட்டுக்கு வேலையப் பாக்கறது. அதாக்கும் அந்தப் பொண்ணோட செடி.”

நாற்பத்தெட்டுத் தொட்டிகள், வரிசைக்குப் பன்னிரண்டாக நான்கு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஆறு சாதாரணக் கடுகு, ஆறு ஜீன் வைத்த கடுகு. முதல் இரண்டு வரிசைக்குக் காட்மியம் கலந்த நீர், கடைசி இரண்டு வரிசைக்கு வெறும் சத்துநீர். தொட்டியில் மண் கிடையாது, அமிலத்தில் கழுவிய மணல்தான். ஊற்றியது நேராக வேருக்குப் போகும். விடுமுறை நாட்களில் ஊற்றுவது கல்யாணராமன் பொறுப்பு. ஜெஸியின் உதவித்தொகை 2003 மார்ச்சோடு முடிகிறது. முதல் தடவை போட்ட செடிகள் பூச்சி விழுந்து போயிருந்தன. இந்தத் தடவையும் தவறினால் இன்னொரு தடவைக்கு நாள் இல்லை, பட்டம் இல்லாமல் பாறசாலைக்கு பஸ் ஏற வேண்டியதுதான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு முந்தின வருஷம், 2002இல், ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் புது மிஷின் ஒன்று வந்து இறங்கியது. இலையை அமிலத்தில் கரைத்துக் கொடுத்தால் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும். வழக்கம்போல விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானம் பூஜை. தராசு, மைக்ரோஸ்கோப், ஆட்டோகிளேவ் எல்லாவற்றுக்கும் கல்யாணராமன்தான் சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஜெஸியின் வழிகாட்டி டாக்டர் சிவதாசன் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். நான் கிறிஸ்தவ சபைக்கு ஒழுங்காகப் போகிறவன், ஆனாலும் பொரி அவலை விட்டுக்கொடுத்ததில்லை. ஜெஸி அன்று காலையிலேயே ஊருக்குப் போயிருந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு, புது மிஷினுக்குக் கண் பட்டுவிடக் கூடாதென்று கல்யாணராமன் ஆரத்தி எடுத்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் நீர் சிவப்பாகும், அதுதான் வழக்கம். சுண்ணாம்பை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். அதனால் குங்குமத்தையே கை நிறைய அள்ளிக் கரைத்தார். ஆரத்தி நீரைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. கால் படாத இடத்தில், ஒரு செடியின் அடியில் விட வேண்டும். மற்ற வருஷங்களில் முற்றத்து நெல்லி மரத்தடிக்குப் போகும். அந்த வருஷம் முற்றம் முழுக்க சிமெண்டு பாவிக்கொண்டிருந்தார்கள், கூலியாட்கள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். தட்டோடு அவர் கண்ணாடிக்கூடத்துப் பக்கம் போனதை நான் பார்த்தேன். பொரியை மென்றுகொண்டிருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடைசி வரிசையில் ஆறு செடிகள் மஞ்சளடித்தன. விஷமே கொடுக்காத வரிசையில், சாதாரணக் கடுகு ஆறும். அதே வரிசையில் ஜீன் வைத்த ஆறும் பச்சையாக நின்றன. மூன்றாம் வரிசைக்கும் அதே சத்துநீர்தான். அங்கே பன்னிரண்டும் நன்றாக இருந்தன.

லேபல் மாறி, விஷநீரை அவளேதான் இந்த வரிசைக்கு ஊற்றிவிட்டாள் என்று டாக்டர் சிவதாசன் ஜெஸியை எல்லோருக்கும் கேட்கும்படி மலையாளத்தில் திட்டினார். “லேபல் மாறிப்போயி, ஜெஸீ. தான் தன்னே மாற்றி ஊற்றியிருக்கும். வேறெந்தா?”

ஜெஸி அழவில்லை. இலைகளைப் பறித்து, காயவைத்து, கரைத்து, புது மிஷினில் கொடுத்தாள். காட்மியம் பூஜ்யம். அதாவது லேபல் மாறவில்லை, மாற்றி ஊற்றவும் இல்லை. ஆனால் ஈயம் இருந்தது. ஆராய்ச்சியில் யாரும் தொடாத ஈயம், கடைசி வரிசையின் பன்னிரண்டு தொட்டியிலும் இருந்தது. அதிலும் பச்சையாக நின்ற ஆறில்தான் அதிகம்.

இப்போது சந்தேகம் குப்பிகளின் மேல் திரும்பியது. “சரியாகக் கழுவாத பாத்திரம்” என்றார் சிவதாசன்.

“சாமிக்க குப்பில தப்பு வராது சார்” என்றாள் ஜெஸி. “அத நான் எழுதித் தருவேன்.”

கல்யாணராமன் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அன்று மாலைக்குள் லேபில் இருந்த அத்தனை பாத்திரத்தையும் அமிலத்தில் போட்டார். மறுநாள் எல்லாவற்றையும் அலசி, வெறும் நீரை மிஷினில் கொடுத்துப் பார்த்தார்கள். ஈயம் இல்லை. சிவதாசன் முடிவு சொல்லிவிட்டார்: ஈயம் எங்கிருந்து வந்ததென்று தெரியாத வரைக்கும் எந்தத் தொட்டியையும் நம்ப முடியாது, நாற்பத்தெட்டையும் தூக்கி எறிய வேண்டும். ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

ஜெஸி தொட்டிகளைத் திருப்பித் தரும் படிவம் வாங்க ஸ்டோருக்கு வந்தாள். கல்யாணராமனும் அப்போது அங்கே பிரஷ் வாங்க வந்திருந்தார்.

“கடைசி வரிசை மட்டுந்தானா?” என்று கேட்டார்.

“அந்த வரிசை மட்டுந்தான் சாமி. பன்னெண்டும். ஒண்ணு விடாம.”

“பன்னெண்டுலயும் ஒரே மாதிரியா?”

“மணலத் தனியா அளந்து பாத்தேன். யாரோ கரண்டி வெச்சு அளந்து விட்டாப்பல ஒண்ணுபோலத்தான் இருக்கு. எங்கேருந்து வந்துதுன்னு எனக்கு ஒண்ணும் அறிஞ்சுகூடா சாமி. அம்மைக்கிட்ட எப்படிச் சொல்லப்போறேன்னும் அறிஞ்சுகூடா.”

அவள் போன பிறகு அவர் பிரஷை எடுத்துக்கொள்ளாமல் நின்றார். பிறகு சொன்னார்.

ஆரத்தித் தட்டோடு கூடத்துக்குள் போனவர் செருப்பு மாற்றி, கோட்டு மாட்டித்தான் போயிருக்கிறார். கடைசி வரிசை சுவரோரம். அங்கே யார் காலும் படாது. ஒரு தொட்டியில் கொட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் பன்னிரண்டு பேர் வரிசையாக இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் விட்டால் பந்தி வஞ்சனை ஆகிவிடும் என்று தோன்றியிருக்கிறது. பூஜைக்கு வைத்திருந்த உத்தரணிக் கரண்டியால் ஒவ்வொரு தொட்டிக்கும் நாலு கரண்டி, எண்ணி விட்டிருக்கிறார். அந்தப் பெண்ணின் செடி நன்றாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டும் இருக்கிறார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அடைத்த கூடத்துக்குள் வெளிப்பொருளைக் கொண்டுபோவது சின்னக் குற்றம் இல்லை. விசாரணை வரும், மெமோ வரும்.

“பென்ஷனுக்கு நாலு வருஷம் கிடக்கு சாமி. வாயத் தொறக்காதிய. நான் ஒண்ணும் கேக்கல” என்றேன்.

இப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான். எனக்கு ஜெஸியைவிட அவர் பழக்கம், அவ்வளவுதான் காரணம்.

“வேலை கிடக்கட்டும் தங்கையன்” என்றார். “நான் அன்னிக்கு மஞ்சளும் குங்குமமும் தண்ணியும்தான் விட்டேன். மஞ்சள் ஆத்துல இடிச்சது. தண்ணி வாலைநீர். அப்போ ஈயம் எதுல இருந்திருக்கும்?”

நான் பிரஷை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“அந்தக் குங்குமம் ஆத்துல அவ டப்பாவுலேந்து எடுத்துண்டு வந்ததாக்கும்.”

அப்போதுதான் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்கு உறைத்தது. பேசாமல் இருந்தால் ஜெஸியின் இரண்டு வருஷம் குப்பைக்குப் போகும். வாயைத் திறந்தால், சுப்புலக்ஷ்மி தினமும் நெற்றியிலும் வகிட்டிலும் வைத்துக்கொள்வது விஷம் என்று இவரே சொன்னதாகும். ஒருவேளை குங்குமத்தில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் அதை நம்ப ஆசைப்பட்டார் என்று தெரிந்தது.

இரண்டு நாள் லீவு போட்டார். இருபத்து மூன்று வருஷத்தில் சொல்லாமல் போட்ட முதல் லீவு. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே வந்து, ஜெஸி வருகிற வரை லேப் வாசலில் நின்றார். கையில் ஒரு பொட்டலம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார், உத்தரணி உட்பட. கோபப்படுவாள் என்று நான் காத்திருந்தேன். கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது.

“வாங்க சாமி, பாத்துருவோம்” என்றாள்.

குங்குமத்தில் ஒரு சிட்டிகை எடுத்து அமிலத்தில் கரைத்தாள். குப்பியை அவரே கழுவிக் கொடுத்தார். ஆரத்தி எடுத்து வரவேற்ற மிஷினில் அவர் கண் முன்னாலேயே கொடுத்தார்கள். முள் இருக்கிற மிஷின் இல்லை, எண் காட்டுவது. எண் காட்ட முடியாமல் அளவு மீறிவிட்டது என்று சொன்னது. பத்து மடங்கு நீர் சேர்த்தாள். அப்போதும் மீறியது. நூறு மடங்கு சேர்த்த பிறகுதான் எண் வந்தது. சிவப்பு எடுப்பாக இருக்கக் கடைக் குங்குமத்தில் ஈயச் செந்தூரம் கலப்பதுண்டு என்றாள். ஜெஸி அதைத் தாளில் எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டாமல் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கல்யாணராமன் தன் நெற்றியில் இருந்த பொட்டைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, நடந்ததை மலையாளத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சிவதாசன் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

சிவதாசன் முதலில் குதித்தார். விஞ்ஞானம் என்ன, இந்த மூடத்தனம் என்ன என்று அரை மணி நேரம். அவர் கைகூப்பி நின்றதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. பிறகு தாளை இன்னொரு தடவை படித்துவிட்டு உட்கார்ந்தார். ஈயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. எத்தனை தொட்டிக்குப் போனது என்றும், மற்ற மூன்று வரிசைக்குப் போகவில்லை என்றும் தெரிந்துவிட்டது. முப்பத்தாறு தொட்டிகளை மறுபடி அளந்து பார்த்தார்கள், சுத்தமாக இருந்தன. அந்த முப்பத்தாறே ஜெஸிக்குப் போதும். ஜெஸி மார்ச்சுக்குள் எழுதி முடித்தாள். கடைசி வரிசையைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஆய்வேட்டில் ஒரு வரி இருக்கிறது. காரணமாக ‘வெளியிலிருந்து வந்த கலப்பு’ என்று மட்டும் போடச் சொன்னார் சிவதாசன். கல்யாணராமனுக்கு எச்சரிக்கை மெமோ வந்தது. கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதற்கு அவர் முணுமுணுக்கவில்லை.

ஆனால் எனக்கு அவரைப் பற்றி நினைத்தால் ஞாபகம் வருவது இதெல்லாம் இல்லை, தாள் கொடுத்த அடுத்த நாள் காலைதான். ஸ்டோருக்கு வந்து, கேட்காமலே என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவகிட்ட சொல்லிட்டேன்” என்றார்.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல், முந்தின நாள் சாயங்காலம் முழுக்கச் செடிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். ஆறு வாடிப்போனது, ஆறு பச்சையாக நின்றது, பச்சையாக நின்ற ஆறுக்குள்ளேதான் விஷம் அதிகம் இருந்தது, எல்லாவற்றையும். கடைசியில், நாளையிலிருந்து அந்தக் குங்குமம் வேண்டாம் என்றாராம். சுப்புலக்ஷ்மி டப்பாவை எடுத்து மூடி, ஒரு காகிதத்தில் சுற்றி அவர் கையில் கொடுத்திருக்கிறாள். நீங்கள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நான் வெறும் நெற்றியோடு நிற்பதா என்று சண்டை போடுவாள் என்றுதான் இவர் பயந்துகொண்டிருந்தார். அவள் சண்டை போடவில்லை.

“ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ‘நான் பாக்க நன்னாத்தானே இருக்கேன்? அப்போ நான் எந்த ஆறு?’ன்னு.”

“நீங்க என்ன சொன்னிய?”

“பச்சையா நின்ன ஆறுன்னு சொன்னேன். சிரிச்சுண்டே உள்ள போயிட்டா.” தன் மஞ்சள் விரல்களைப் பார்த்தார். “இருபத்தெட்டு வருஷமா அந்தக் குங்குமத்த வாங்கிண்டு போய்க் கொடுத்தது நான்தான் தங்கையன். அந்த ஆறுக்கு ஜெஸி ஜீன் வெச்சிருந்தா. இவளுக்கு யார் வெச்சா?” என்று சொல்லிவிட்டு, ஸ்டோரில் ஆள் நிற்பதையும் பார்க்காமல் அழுதார்.